முப்பது என்றால் என்ன முப்பது?

போன வாரம் ஒரு மத்தியானம். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. சித்தி மகள் கவிதாவிடமிருந்து போன். பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறாள். நாலு பக்கமும் மூடிய ஷெட். பெரிய ஃபேன்கள் ஓடினால்தான் உள்ளே கோழிகளுக்கு மூச்சு.

“ஏனுங்ணா, ஃபேன் கன்ட்ரோலருக்கு கம்பெனிக்காரங்க அப்டேட் போட்டுட்டுப் போயிட்டாங்க. செட்டிங் ஃபைல்ல இப்ப வெறும் நம்பராத்தான் இருக்குதுங்க. ‘அலாரம் டிலே 30’னு போட்டிருக்குது. நொடியா, நிமிசமாங்ணா?”

ஃபேன் நின்றால் எவ்வளவு நேரம் கழித்து அலாரம் அடிக்க வேண்டும் என்பதற்கான எண் அது. முப்பது நொடி என்றால் ஓடிப்போய்க் காப்பாற்றிவிடலாம். முப்பது நிமிடம் என்றால்... அந்த வெயிலில் ஷெட்டே காலி!

கம்ப்யூட்டர்தான் எனக்குச் சோறு போடுகிறது. ஆனாலும் தெரியவில்லை. பழைய ஃபைலில் ஒவ்வொரு எண்ணுக்கும் மேலே ஒரு வரி விளக்கம், கூடவே ஓர் உதாரணம் இருந்ததாம். புதியதில் துடைத்து எடுத்துவிட்டார்கள்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். புரோகிராமரே பேசினார். விளக்க வரிகளை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

“நம்பரை மாத்துறோம், மேல இருக்கிற கமென்ட்டை மாத்த மறந்துபோடறோமுங்க. தப்பான விளக்கம் இருக்கறதுக்கு இல்லாமயே இருக்கலாமுங்களே. எல்லாம் மேனுவல்ல இருக்குதுங்க.”

சண்டை போடத்தான் கூப்பிட்டேன். ஆனால் மனுஷன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே! பொய் சொல்லும் கமென்ட் ஆபத்துதான். அதற்காக? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா?

“சரிங்க, அலாரம் டிலேன்னு இருக்கிற இந்த முப்பது நொடியா, நிமிஷமா?”

“அது... மேனுவலைப் பார்த்துத்தானுங்க சொல்லோணும்.”

கவிதா அதுவரை பொறுக்கவில்லை. ஃபேன்களைத் தானே நிறுத்திவிட்டு, சுவிட்சில் கை வைத்தபடி நின்றிருக்கிறாள். முப்பது நொடி தாண்டியது. அலாரம் அடிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் — கோழிகள் வாயைப் பிளந்து இரைக்க ஆரம்பித்தன. சட்டென்று போட்டுவிட்டாள்.

முப்பதை ஒன்றாக்கினாள். மேலே ஒரு வரியும் அடித்துவிட்டு, எனக்குப் போனில் படித்துக் காட்டினாள்: ‘இது நிமிசக் கணக்குங்க. ஒண்ணுக்கு மேல வெக்காதீங்க, கோழி செத்துப்போகும்.’

“உனக்குத்தான் தெரிஞ்சுபோச்சே கண்ணு, அப்புறம் யாருக்கு எழுதறே?”

“நான் ஊட்டுல இல்லாத அன்னைக்குத்தானுங்ணா வேற யாராச்சும் அந்த ஃபைலைத் தொறப்பாங்க.”

மேனுவலைத் தேடிப் படித்து முடிக்கும்வரை கோழி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்காது!