எல்லா முதுகும் ஆறிய கட்டுரை

அந்த அம்மாளை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. நர்ஸிங் பள்ளியில் டியூட்டராக இருந்தார். வார்டுக்கு வந்தால் நோயாளியின் முகத்தைப் பார்க்கமாட்டார். கால்மாட்டில் நின்று பேசிவிட்டுப் போய்விடுவார். எண்பதுகளின் தொடக்கம் அது. நான் அரியலூரில் ஸ்டாஃப் நர்ஸ். படுக்கைப்புண்ணைப் பற்றி அக்கம்பக்கத்து ஆஸ்பத்திரிகளில் மாணவிகள் செய்திருந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி அவர் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். முடிவு மட்டும் முதலிலேயே தயார். முட்டை வெள்ளைக்கருவைத் தடவி லாம்பு வெளிச்சத்தில் காயவைத்தால் போதும், எல்லா ஆய்விலும் புண் ஆறியிருக்கிறது, நோயாளியை மணிக்கணக்குப் பார்த்துப் புரட்டிப் படுக்கவைப்பது வீண் வேலை என்பார்.

பெரிய டாக்டருக்கு இது கரும்பாக இனித்தது. ஆள் பற்றாக்குறையில் விழி பிதுங்கிக்கொண்டிருந்தவர் அவர். புரட்டுவதை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்து ஆண்டிமடம் பக்கத்திலிருந்து ஒருவனைக் கொண்டுவந்தார்கள். புளி உலுக்க மரமேறி விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. சின்ன வயசு. பெண்டாட்டி கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். டாக்டர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், என் டியூட்டியில் அவளை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி அவனைப் புரட்டிவிடுவேன். மற்ற ஷிப்டுகளில் முட்டையும் லாம்பும்தான்.

"நீங்க இருக்கயில மட்டுந்தான் புரட்டுறீங்க சிஸ்டர். மத்தவங்ககிட்டயும் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றாள் அவள்.

சொன்னேன். டாக்டர் உத்தரவு என்று கையை விரித்தார்கள். அவன் முதுகின் அடியில் கறுத்த தோல் பிய்ந்து, எலும்பு தெரிய ஆரம்பித்தது. காய்ச்சல் விடவே இல்லை.

எங்கள் பக்கம், ஆள் தேறமாட்டான் என்று தெரிந்தால் ஆஸ்பத்திரியில் சாகவிடமாட்டார்கள். மூச்சு சொந்த வீட்டில்தான் போக வேண்டும். உயிர் போன பிறகு எந்த வாடகைக் காரும் ஏற்றாது என்பது வேறு. அவனுடைய அண்ணன்மார் வந்து, தங்கள் பொறுப்பில் கூட்டிப்போவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாள் கழித்து அவள் மட்டும் வார்டுக்கு வந்தாள். அவனோடு சேர்ந்து காரில் போய்விட்ட ரப்பர் ஷீட்டைக் கழுவி மடித்துக் கொண்டுவந்திருந்தாள். கழுத்தில் தாலி இல்லை. ஷீட்டை வாங்கி அலமாரியில் வைத்தேன்.

அடுத்து பெரம்பலூரில் ஒரு கூட்டம். டியூட்டர் கட்டுரையை வாசித்தார். எங்கள் வார்டும் அதில் சேர்ந்திருந்தது. எங்கள் வார்டிலும் எல்லாருக்கும் ஆறிவிட்டதாம். புண் மோசமானவர்களை வீட்டுக்குத் தூக்கிப்போய்விடுகிறார்களே, அவர்கள் எந்த ஆய்வில் இருக்கிறார்கள் என்று எழுந்து கேட்டேன். சிகிச்சையைக் கடைசிவரை முடித்தவர்களைத்தான் மாணவிகள் எண்ணியிருக்கிறார்கள், பாதியில் போனவர்களை எப்படி எண்ணுவது என்று அவர் சிரித்தார்.

ஆறுகிறவன் வார்டில் இருப்பான், அழுகுகிறவன் வீட்டுக்குப் போய்விடுவான். எந்த ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். அப்படிப்பட்ட ஆய்வுகளை மூட்டை மூட்டையாகத் திரட்டினாலும் பொய்தான் பெருகும், திரட்டுகிறவர் இதைக் கேட்க வேண்டாமா என்றேன். பெரிய டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். பிறகு எல்லாரும் கைதட்டினார்கள்.

டீ நேரத்தில் நேரே டியூட்டரிடம் போனேன். எங்கள் வார்டில் இருந்த பையன் ஒருவன் செத்துவிட்டான், முட்டையும் லாம்பும் வைத்துத்தான் பார்த்தோம், போகும்போது முதுகில் எலும்பு தெரிந்தது என்றேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது.

"எங்க செத்தான்? வார்டுலயா?"

"வூட்டுலங்க மேடம்."

"அப்ப நம்ம கணக்குல வராதும்மா" என்றார். நிம்மதியாக டீயை ஊதிக் குடித்தார்.