தாய்மாமன் மடி

எங்கள் வழக்கத்தில் குழந்தைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். என் மகளுக்கு ஒரே ஒரு தாய்மாமன், என் தம்பி. அவனுக்கு அப்போது இருபது வயது. மேளம் அடித்தால் காதைப் பொத்திக்கொள்வான். யாராவது தொட்டால் கையைத் தட்டிவிடுவான். என் கல்யாணத்தில் ஒரு பெரியவர் அவன் கன்னத்தைத் தட்டி, “மாப்ள, அடுத்து ஒனக்குத்தானலே” என்றார். அவரைத் தள்ளிவிட்டு ஓடியவனைச் சாயங்காலம் ரயில்வே கேட் பக்கத்திலிருந்து கூட்டி வந்தார்கள். மாமியார் வீட்டில் யாரும் அதை மறக்கவில்லை.

இதற்கெல்லாம் ஒரு பெயர் உண்டு என்று எண்பதுகளின் கடைசியில் எங்களுக்கு யார் சொல்வது? மதுரையில் காட்டிய டாக்டர், “புத்தியெல்லாம் நல்லாத்தான் இருக்கு, போகப் போகச் சரியாயிரும்” என்றார். அம்மா இறந்த பிறகு, ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை பார்த்த அப்பாவால் அவனைத் தனியாகக் கவனிக்க முடியவில்லை. ராஜபாளையத்தில் என் வீட்டுக்கே அவன் வந்துவிட்டான். என் கணவர் மனதில் என்ன நினைக்கிறாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

தை மாதம் காதுகுத்து என்று முடிவானதும் மாமியார் கேட்டார். “ஒந்தம்பி மடியிலயாட்டி உக்கார வைக்கப் போற? பிள்ள வீல்னு கத்தும். பயந்து கீழ போட்டுட்டான்னா? கான்சாபுரத்துல ஒஞ் சித்தி மகன் இருக்கானே, அவனும் தாய்மாமந்தான?”

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. இரவும் பகலும் நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான் அது. சித்தி மகன் ஒரு தடவை தாய்மாமனுக்குப் போடும் மணையில் உட்கார்ந்துவிட்டால், அதன் பிறகு என் தம்பியை எந்த விசேஷத்துக்கும் ஒருவரும் அழைக்க மாட்டார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் கீழே விழப்போவது என் பிள்ளை இல்லையா?

அந்தத் தைக்கு முந்தின ஆடியில் எங்கள் தெருக் கோயிலுக்கு மைக்செட் போட ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பையன் வந்திருந்தான். அவன் வாப்பாவின் கடை. தம்பி வயதுதான். தம்பி நேரே போய், “சத்தத்தைக் குறை” என்றான். அடிதடி ஆகிவிடுமோ என்று நான் பின்னாலேயே ஓடினேன். அந்தப் பையன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் குமிழைத் திருகினான். “எனக்குந்தான் தலை வலிக்கு. காசு குடுத்தவிய கேக்க மாட்டேங்காக” என்றான்.

அதற்குப் பிறகு தம்பி அவனோடு விசேஷ வீடுகளுக்குப் போக ஆரம்பித்தான். எனக்கு நிம்மதி இல்லை. பெட்டி தூக்க ஆள் கிடைத்தது என்று வைத்திருக்கிறானோ? போகிற இடத்தில் எல்லாரும் சேர்ந்து கேலி செய்கிறார்களோ? அந்தப் பையனும் யார் முகத்தையும் பார்த்துப் பேசுகிறவன் இல்லை. அவனே இப்படி இருக்கும்போது இவனுக்கு என்ன சொல்லிக்கொடுத்துவிடப் போகிறான்?

ஆனால் சொல்லிக்கொடுத்தான். “ஒருத்தர் தொட வருதாருன்னா நீ முந்திக் கும்புட்டுரு. கும்புட்டா பதிலுக்குக் கும்புடுவாக, தொட மாட்டாக. ‘கல்யாணம் எப்ப’ன்னு கேட்டா சிரிச்சிரு. அதுக்குப் பதிலே கிடையாது.” தம்பி கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பழகினான். ஒருநாள் எதிர்வீட்டு அக்கா, “அம்மா இல்லாம அப்பா எப்படிப்பா சமாளிக்காரு?” என்று கேட்டதற்கும் அதே சிரிப்பைச் சிரித்துவைத்தான். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு உடம்பே கூசிவிட்டது.

அடுத்த தடவை அந்தப் பையன் வந்தபோது கோபமாகவே சொன்னேன். “அவன் என் தம்பிப்பா. பொம்மை இல்ல.”

அவன் தரையைப் பார்த்தபடி, “என் தப்புத்தான்க்கா. எந்தக் கேள்விக்குச் சிரிக்கக் கூடாதுன்னு சொல்லாம விட்டுட்டேன். நான் ஒரு மய்யித்து வீட்டுல, எல்லாரும் அழுதுக்கிட்டு இருக்கையில சிரிச்சு எங்க மாமாட்ட அடி வாங்கிருக்கேன்” என்றான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மற்றவர்களுக்குத் தானாக வருவதை இந்தப் பையனும் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டவன்தான்.

காதுகுத்துக்கு முதல்நாள் அந்தப் பையனிடமே கேட்டேன். “உண்மையச் சொல்லு, அவன் உக்காருவானா?”

“தெரியலக்கா.”

ஆறுதலுக்காவது ‘உட்காருவான்’ என்று சொல்லியிருக்கலாம்.

கிருஷ்ணன்கோவில் போகிற வழியில் எங்கள் குலதெய்வக் கோயில். சித்தி மகன் புது வேட்டி கட்டி, எதற்கும் தயாராக வந்திருந்தான். தம்பி மணையில் உட்கார்ந்தான். மகளை அவன் மடியில் வைத்தேன். ஆசாரி முதல் காதைக் குத்தவும் குலவையும் மேளமும் ஒன்றாகக் கிளம்பின. பிள்ளை அலறினாள். தம்பி தலையைச் சாய்த்துக் காதைத் தோளில் அழுத்திக்கொண்டான். பிள்ளையைப் பிடிக்கப் போனவள், பிடித்தால் அவனுக்கு அவமானமோ என்று கையை இழுத்துக்கொண்டேன்.

அவன் ஒரு கையைத் தூக்கினான். “என்னால இப்ப முடியல. செத்த நேரம் பிள்ளையப் பிடிங்க. வந்துருவேன்.” சொல்லிவிட்டு மகளை என் கையில் கொடுத்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தான். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லை.

“ஆமா, வந்துருவாரு! ஏலே, ரயில்வே கேட்டுக்கு ஆள் அனுப்புங்கலே” என்று ஒரு குரல். சிரிப்பு. ஆசாரி, “ராகுகாலம் வருதும்மா” என்றார். மாமியார், “ஏட்டி, ஒஞ் சித்தி மகன உக்காரச் சொல்லு” என்றார். சித்தி மகன் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு மணைக்கு வந்தான்.

மைக்செட் போட வந்து ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் இருந்த அந்தப் பையனைப் பார்த்தேன். “நீ போய்க் கூட்டிட்டு வாயேம்ப்பா!”

“நான் போனா வர மாட்டான்க்கா. வந்துருவேன்னு சொல்லிட்டுத்தான போயிருக்கான்.”

என் மகளின் ஒரு காதில் ரத்தம் பொட்டாக நின்றது. பெரியவர்கள் சொல்வதை நான் அதுவரை மீறியதில்லை. மணைக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, “அத்தை, செத்த பொறுங்க. வருவான்” என்றேன். வருவான் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

கண்மாய்ப் பக்கத்திலிருந்து தம்பி முகமும் சட்டையும் நனைந்து வந்தான். முதுகில் தட்ட வந்த பெரியப்பாவை முந்திக்கொண்டு கும்பிட்டான். மணையில் உட்கார்ந்து, “மேளம் வேண்டாம்” என்றான்.

“தாய்மாமன் சொல்லிட்டாருல்ல, நிறுத்துங்கப்பா!” என்றார் யாரோ, பாதிக் கேலியாக. மேளம் நின்றது. நான் மகளை மடியில் வைத்தேன். ஆசாரி அடுத்த காதைக் குத்தினார். அவள் கத்தினாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். பிடி தளரவில்லை.

அழுத களைப்பில் அவள் அங்கேயே தூங்கிப்போனாள். பந்தி போட்டுவிட்டார்கள். “குடுலே, போய்ச் சாப்பிடு” என்றேன்.

“அவ தூங்குதா. நீ போக்கா.”

காலையிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிடவில்லை. கால் மரத்துப்போகுமே, யாராவது பின்னாலிருந்து தொட்டுவிட்டால் என்ன செய்வான் என்றெல்லாம் ஓடியது. மணை தெரிகிற இடமாகப் பார்த்து இலையில் உட்கார்ந்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

“சாப்பிடுட்டி” என்றார் பக்கத்து இலையிலிருந்து மாமியார். “நானும் அங்கதான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”