அப்பா கேட்டு வாங்கிய பள்ளம்

தாராவிக்கு நாங்கள் வந்து இறங்கியது ஒரு சித்திரை மாதம். அறுபதுகளின் தொடக்கம். அப்பாவுக்குத் தோல் பதனிடும் கொட்டகையில் வேலை கிடைத்துவிட்டது, குடிசை போட இடம்தான் வேண்டியிருந்தது. இடம் காட்டுகிற ஆள் இரண்டு இடங்களைக் காட்டினார். ஒன்று சாலையை ஒட்டிய மேடு, கல்லும் கரடுமாகக் கிடந்தது. இன்னொன்று கடல்தண்ணீர் ஏறி இறங்கும் கழியை ஒட்டிய பள்ளம். அங்கே மண் கறுப்பாக, காலுக்கு மெத்தென்று இருந்தது. அப்பா குனிந்து ஒரு பிடி எடுத்துக் கசக்கிப் பார்த்தார். "மழைக்காலத்தில் இங்கே தண்ணீர் நிற்கும்" என்று அந்த ஆள் எச்சரித்தார். அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பள்ளத்தையே கேட்டு வாங்கினார்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் எங்கள் ஊரைப் பார்த்ததில்லை. திருநெல்வேலிக்குத் தெற்கே, மலை மறைத்த காய்ந்த பூமி. அங்கே குளத்துக்குக் கீழே பள்ளத்தில் கிடக்கிற வயலுக்குத்தான் மதிப்பு. மேட்டில் உடைமுள்தான் முளைக்கும். மழை ஐப்பசியில் வரும், கார்த்திகையோடு போகும். ஆனியிலும் ஆடியிலும் கண்ணில் மண்ணை அள்ளிப் போடும் காற்று மட்டும்தான். எங்கள் குடும்பத்தில் எவருக்கும் பள்ளத்தில் ஒரு முழம் நிலம் இருந்ததில்லை. அப்பா அதற்கு ஏங்கியே வளர்ந்தவர். தண்ணீர் நிற்கிற பூமி பம்பாயில் கிடைத்துவிட்டதாகத் தாராவியில் இருந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேரிடமும் பீற்றிக்கொண்டார்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. அதே வாரம் வானமும் திறந்துகொண்டது. நான் ஐந்தாம் வகுப்பு. டீச்சர் சேலை நுனி சொட்டச் சொட்டக் கரும்பலகையில் ஒரு மலையை வரைந்தார். கடலிலிருந்து வரும் காற்று அந்த மலையில் முட்டி இந்தப் பக்கமே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிடும், அந்தப் பக்கம் போகும்போது வெறுங்கையோடு போகும் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊர் வெறுங்கைப் பக்கம். நாங்கள் வந்து குடிசை போட்டிருப்பது கொட்டுகிற பக்கம், அதிலும் பள்ளத்தில். சாயங்காலம் ஓட்டமாக ஓடி அப்பாவிடம் சொன்னேன்.

"அப்பா, இங்க ஆவணி தாண்டியும் மழ பெய்யுமாம். மேட்டுக்குப் போயிருவோம்ப்பா."

"ஏட்டி, ஆனி மாசத்துல எங்கயாவது மழ பெய்யுமா? இது சும்மா சாரலு. ரெண்டு நாள்ல விட்டுரும்" என்றார்.

அதைச் சொல்லும்போது அவர் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

மழை விடவில்லை. கடல் ஏறுகிற நேரத்தில் கழியும் எதிர்த்து வந்தது. தோல் கழுவிய தண்ணீர், ஊர்ச் சாக்கடை எல்லாம் சேர்ந்து எங்கள் வாசலில்தான் வந்து முட்டும். இறைக்காவிட்டால் சுவர் கரைந்துவிடும், அரிசிப் பானை மிதக்கும். அப்பா கொட்டகைக்குப் போக வேண்டும். அம்மா மாட்டுங்காவில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போக வேண்டும். தம்பி வேறொரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு, ஆண்பிள்ளை, அவன் படித்தே தீர வேண்டும். மிச்சம் இருந்தது நான். "ரெண்டு நாளைக்கு வீட்டப் பாத்துக்கோட்டி" என்றார் அப்பா. அந்த இரண்டு நாள் ஆனியில் தொடங்கி ஆடியைத் தாண்டி ஆவணிக்குள் போனது. விரலிடுக்கெல்லாம் வெந்து புண்ணாகி, நான் இறைத்துக்கொண்டே இருந்தேன். எத்தனையோ நாள் அந்த மலையைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். ஆனால் மலைக்குக் காது கிடையாது. அப்பாவுக்கு இரண்டு இருந்தன.

ஆடி நடுவில் மேட்டுக் குடிசை ஒன்று காலியானது. அங்கிருந்தவர்கள் குர்லாவுக்குப் போகிறார்கள், எங்களை வந்து இருந்துகொள்ளச் சொன்னார்கள். அம்மா அப்பாவிடம் கெஞ்சினாள்.

"மேட்டுல போயி குடியிருந்தா ஊர்க்காரன் சிரிக்கமாட்டானா?" என்றார் அப்பா.

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறான். பிள்ளைக்குப் படிப்புல்லா போவுது!"

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வேலைக்குப் போய்விட்டார். நான்கு நாளில் அந்தக் குடிசைக்கு வேறு ஆள் வந்துவிட்டது.

புரட்டாசியில் வானம் வெளுத்தது. பாவாடையைத் துவைத்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ ஊருக்குப் போயிட்டே, இனிமே வரமாட்டேன்னு உங்கப்பா வந்து சொன்னாரே. அதனாலதானே உன் பேரை அடிச்சேன்?"

ஊருக்குப் போகவில்லை, வீட்டில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன் என்றேன். அவர் நல்ல மனுஷி. இடம் நிரம்பிவிட்டது, ஆனாலும் பெரிய டீச்சரிடம் கேட்டுப் பார்க்கலாம், நாளைக்கு அப்பாவைக் கூட்டி வா, நடந்ததை அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பாவின் முன்னால் நின்றேன். "நான் ஊருக்குப் போயிட்டேன்னு எதுக்குப்பா பொய் சொன்னீங்க?" என்று கத்தினேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பின்ன என்னத்தச் சொல்ல? வீட்டுக்குள்ள தண்ணி நிக்கி, பொட்டப்பிள்ள இறைச்சிக்கிட்டு இருக்கான்னு டீச்சர்ட்ட போயிச் சொல்லச் சொல்லுதியா?"

அவருக்கு வெட்கமாக இருந்ததாம். பள்ளத்தைப் பள்ளம் என்று ஒத்துக்கொள்ள வெட்கம். பெயரை அடிக்கச் சொல்ல வெட்கம் இல்லை. "நாளைக்கு வாங்கப்பா, ஒரே ஒரு வார்த்தை" என்று அழுதேன். மறுநாள் விடிந்ததும் எனக்கு முன்னால் எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். அதற்கு மறுநாளும் அப்படியே. நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவே இல்லை. அப்பா செத்துப் பல வருஷம் ஆகிறது, இன்னும் அவரை நான் மன்னிக்கவில்லை.