சந்தையில் ஓடும் சோதனைத் தட்டு

ஜெர்மனியின் பான் நகரத்துப் பழம்பொருள் சந்தையில் சாக்சபோன் கேட்டு என் கால் தானாக நிற்கிறது. எங்கள் பேண்டின் ஜாஸையும் நாங்களே இசைத்தட்டாக வெளியிட்டால் என்ன என்று அப்போதுதான் தோன்றுகிறது.

பாடிக்கொண்டிருக்கும் ரெக்கார்ட் பிளேயருக்குப் பின்னால் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. ஜாஸ் தட்டுகளைத் தானே பதிவுசெய்து தானே விற்கிறவர். ஒவ்வொன்றையும் மொத்தமாக அச்சுக்கு அனுப்புமுன் ஒரு சோதனைத் தட்டை இங்கே ஓடவிடுவாராம். யாரும் நிற்காவிட்டால் மறுபடி ஸ்டூடியோதான். என்ன துணிச்சல்!

“காலமை துவங்கி ஒருத்தரும் நிக்கேல்லை,” என்கிறார்.

“அதான் நான் நிக்கிறேனே, அக்கா!”

“நீங்கள் போட்டிருக்கிற ரீசேட்டிலயே சாக்சபோன் படம். நீங்கள் எங்கயும் நிப்பியள் தம்பி. உங்களைக் கணக்கில எடுக்க ஏலாது.”

குழந்தை வண்டி தள்ளிவந்த ஒரு ஜெர்மன்காரர் நிற்கிறார். கையில் இருக்கும் சாசேஜைக் கடிக்க மறந்துவிட்டார். அக்கா சட்டென்று சத்தத்தைக் குறைக்கிறார். ஜெர்மன்காரர் ஓரடி கிட்டே வருகிறார்.

அவ்வளவுதான். அக்கா அந்தத் தட்டில் வாசித்த சாக்சபோன்காரருக்கு போன் போட்டு, அச்சுக்குப் போகலாம் என்று ஜெர்மன் மொழியில் கத்துகிறார்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் ஊரான ஆஹெனில் ஒரு பஸ் நிறுத்தத்தில் எங்கள் பதிவை ஓடவிடப்போகிறேன். நண்பர்கள் யாரும் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று இப்போதே மெசேஜ் போட்டாயிற்று.