தலகாணி அக்காவின் சீட்

எங்கள் ஆம்புலன்ஸ் ஷெட்டில் அண்ணிக்குப் பட்டப்பெயர் தலகாணி அக்கா. முதுகுக்கு ஒன்று, அடியில் ஒன்று என இரண்டு தலையணைகளோடுதான் வண்டி ஏறுவார். ஒரே வண்டியில் முதல் ஷிப்ட் அவர், அடுத்த ஷிப்ட் நான். அவர் ஐந்தடிக்கும் ஒரு விரல் குறைவு, நான் ஆறடி. சீட் எப்போதும் என் அளவுக்குத்தான் பின்னால் தள்ளியிருக்கும். அண்ணி வேலையில் சேர்ந்த புதிதில் அவரிடம், “சீட்ட மட்டும் தொட்டுடாதீங்க அண்ணி, என் முட்டி இடிக்கும்” என்று சொன்னது நான்தான். கொழுந்தன் என்கிற உரிமையில் விளையாட்டாகச் சொன்னது. மறந்தும் போனேன்.

இந்த வருடம் டிரைவர்களுக்கு வேகமாக ஓட்டுவதில் ஒரு பரீட்சை வைத்தார்கள். எண்பதில் வந்து, பிரேக்கை முழுசாக மிதித்து, ஆரஞ்சு நிறக் கோன்களைத் தட்டாமல் ஒதுங்கி நிறுத்த வேண்டும். இரண்டு வாய்ப்பு. தவறினால் போன் எடுக்கும் மேசைக்கு மாற்றம். அண்ணிக்கு மேசை வேலை என்றாலே வேப்பங்காய்.

முதல் ஓட்டத்தில் ஐந்து கோன்கள் சாய்ந்தன. பிரேக்கை மிதித்த வேகத்தில் உடம்பு தலையணைக்குள் அமுங்கிவிட்டது. மிச்ச தூரத்துக்குக் கால் எட்டவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

பயிற்சி கொடுக்க வந்த அம்மாள் சிரிக்கவில்லை. இரண்டு தலையணைகளையும் உருவி என் கையில் திணித்தார்.

“சீட்ட முன்னால இழுங்க.”

அண்ணி என்னைப் பார்த்தார். “அது தம்பியோட அளவுங்க.”

“இப்ப ஓட்டப்போறது யாரு? நீங்களா, தம்பியா?”

அண்ணி சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார். பதினோரு வருடம் ஓட்டிய வண்டியில் சீட்டை நகர்த்தும் கம்பி எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியவில்லை. அந்த அம்மாள்தான் காட்டினார். இடுப்பைச் சீட்டோடு ஒட்டி உட்காரச் சொன்னார். இஞ்சினைப் போட்டு, பிரேக்கை அடிவரை மிதித்தாலும் முட்டி கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும் என்றார். தோள் சீட்டை விட்டு விலகாமல் கையை நீட்டினால் ஸ்டீயரிங்கின் உச்சியில் மணிக்கட்டு பட வேண்டுமாம். சீட்டை உயர்த்த இன்னொரு லீவர் இருந்தது. பிறகு கண்ணாடிகளைத் திருப்பி, பெல்ட்டை இடுப்பெலும்பின்மேல் இறுக்கினார்கள். இதற்கே பத்து நிமிடம் ஆனது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

இரண்டாவது ஓட்டம். வண்டி பாய்ந்து வந்தது, மூக்கைத் தாழ்த்தியபடி ஒதுங்கியது, நின்றது. ஒரு கோன்கூட அசையவில்லை.

தலையணைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டே ஓடினேன். “பாஸாயிட்டீங்க அண்ணி. மேசையும் வேணாம் போனும் வேணாம்.”

அண்ணி இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார்.

“தெனமும் இடுப்பு வலியோடதான் தம்பி வீட்டுக்குப் போவேன். வயசாயிடுச்சு, அதான்னு நெனச்சேன்.”

தலையணைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அந்த இடுப்பு வலிக்கு மாதாமாதம் தைலம் வாங்கிக்கொடுத்தது நான்தான்.