என் பிரசவத்துக்கு ஒரு ஆஸ்பத்திரி

அமெரிக்காவில் கணினிக் கம்பெனிகள் வரிசையாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். என் கணவருக்கும் வேலை போனது. வேலையோடு மருத்துவ இன்சூரன்ஸும் போனது. அங்கே இரண்டும் ஒட்டிப் பிறந்தவை. அடித்துப் பிடித்து ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தார். அவர்கள் இன்சூரன்ஸ் தருவதில்லை, நாமே வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கப் போனால், ஏற்கெனவே இருக்கிற வியாதிக்குப் பணம் தரமாட்டோம் என்றார்கள். எனக்கு என்ன வியாதி? ஐந்து மாதக் கர்ப்பம்.

போனில் அந்தப் பெண்ணிடம் ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை, ஒவ்வொரு முறையும் "மன்னிக்கவும் மேடம்" என்றாள். எனக்கு அதுதான் இன்னும் எரிந்தது.

திருவொற்றியூரில் இருந்த அம்மாவுக்கு இதைப் புரியவைக்க ஒரு போன் கார்டே தீர்ந்தது.

"இன்னாடி சொல்றான் அவன்? புள்ள உண்டாயிருக்கிறது ஒரு நோவா?"

"அவங்க ரூல்ஸ் அப்படிம்மா."

"ரூல்ஸாவது மண்ணாவது! தலைப்பிரசவம் எங்க வூட்டுல. நீ கெளம்பி வா. நைனா கம்பெனி ஆஸ்பத்திரி கீது, நீ பொறந்ததே அங்கதான்."

அம்மா குரலில் வருத்தம் துளிகூட இல்லை. அமெரிக்காவில்தான் பிரசவம் என்று நான் முதலில் சொன்னபோது ஒரு வாரம் பேசாமல் இருந்தவள். இப்போது அவள் பக்கம் காற்று வீசியது. ஏழாம் மாதம், டாக்டர் கடிதத்தோடு விமானம் ஏறினேன். வந்த மூன்றாம் நாளே கை நிறைய வளையல்.

அப்பா எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அங்கே தொழிலாளிகளின் குடும்பத்துக்கென்று நல்ல ஆஸ்பத்திரி இருந்தது. அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, என்னையும் அப்பாவையும் பின்னால் நடத்திக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி உள்ளே போனாள். கவுன்டரில் இருந்தவர் அப்பாவின் அட்டையைப் பார்த்தார், என் கழுத்தைப் பார்த்தார்.

"கல்யாணம் ஆன பொண்ணு லிஸ்ட்ல வராதுமா. மாப்ள கம்பெனிதான் பாத்துக்கணும்."

அம்மா பட்டுப்புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். அப்புறம் பிடித்துக்கொண்டாள்.

"மாப்ள கம்பெனி அமெரிக்கால கீது சார். அங்க இன்னாடான்னா, வயித்துல மொதல்லயே புள்ள கீது, வாணான்றான். நீ இன்னாடான்னா, கழுத்துல தாலி கீது, வாணான்ற. இவ எங்க போய் புள்ள பெத்துக்குவா, பேசின் பிரிட்ஜ் மேலயா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கவுன்டர்காரரும் சிரித்துவிட்டார், ஆனால் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அமெரிக்காக்காரியைத் திட்டித் தீர்த்துவிட்டு எண்ணூருக்கு வந்தால், இங்கேயும் அதே ஆள் மீசை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்!

அப்பாதான் பாவம். பஸ்ஸில் வரும்போது பி.எஃப். பணத்தை எடுத்து நர்சிங் ஹோமில் சேர்ப்பதாக மெல்லச் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பில்லுக்குப் பயந்து கடல் தாண்டி வந்தவள் அப்பா தலையில் அதை இறக்கவா? மாட்டேன் என்றேன்.

வழி காட்டியது பக்கத்து வீட்டு அக்கா. காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர்.

"கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ. எம் மூணும் அங்க பொறந்துதுங்கதான். கல்லு மாரி கீதுங்க, பாரு."

"அமெரிக்கால வாழுற பொண்ண அங்க சேத்தா தெருவுல இன்னா பேசுவாங்க?" என்றாள் அம்மா.

"நாந்தான் தெருவு. நானே சொல்றேன், இட்டுகினு போ."

மறுநாளே அம்மா என்னை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே என்னிடம் கேட்டது பெயர், வயது, எத்தனையாவது மாதம் என்பது மட்டும்தான். டாக்டரம்மா என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, "ரத்தமே இல்ல. அமெரிக்கால கீரை கிடைக்காதா?" என்று அதட்டினார். அந்த அதட்டல் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. என்னைத் திட்டுகிற ஒருவர் கிடைத்துவிட்டார், இனிக் குழந்தை வந்துவிடும் என்று தோன்றியது. அம்மா அன்றிலிருந்து மூன்று வேளையும் முருங்கைக்கீரையை ஊட்டித் தள்ளினாள்.

ஒரு வியாழக்கிழமை விடிகாலையில் வலி கண்டு மதியத்துக்குள் பிறந்துவிட்டது. சாயங்காலம் மீன்கார அக்கா, தன் மகன் புதிதாக வாங்கிய செல்போனை இடுப்பில் செருகிக்கொண்டு வார்டுக்குள் வந்தார். "பேசு, மாப்ள லைன்ல கீறாரு" என்று என் காதில் வைத்தார்.

"பொறந்தாச்சுங்க. ரெண்டு பேரும் நல்லாருக்கோம்."

"நல்லாருக்கீங்களா? சரி... பில்லு எவ்ளோ சொன்னாங்க?"

"பில்லு கிடையாதுங்க."

"இன்சூரன்ஸ் கேட்டாங்களா?"

"யாரும் கேக்கல."

"அப்புறமா அனுப்புவாங்களா? நல்லா விசாரிச்சியா?"

"வராதுங்க. ஒண்ணுமே வராது."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவர் அழுது நான் கேட்டதே இல்லை.

அதற்குப் பிறகுதான் கேட்டார்: "பொண்ணா, பையனா?"