நான் வெட்டிய இருபது விநாடி

ஃபிட்டர் அண்ணனின் மேண்டலின், எந்த மின்கருவியும் குறுக்கே வராமல் நேராகக் காதுக்கு வந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு என்னிடம் ஒரு குறுந்தட்டு இருக்கிறது. கம்பியின் மேல் விரல் உரசும் சத்தமும், கடினமான இடத்துக்கு முன் அவர் மூக்கால் இழுக்கும் மூச்சும் அதில் அப்படியே விழுந்திருக்கின்றன. அதைத் தொகுத்தவன் நான்தான். போன சனிக்கிழமை மெர்கோங்கில் என் வீட்டு மேசையில் அந்தத் தட்டை வைத்துக்கொண்டு, நான்கு மணிக்கு வரப்போகும் அவருடைய மகளுக்காகக் காத்திருந்தேன். வாசலில் ஏதாவது கார் மெதுவானால்கூட எழுந்துபோய் எட்டிப் பார்த்தேன்.

அவர் பாடாங் மேஹா பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆலையில் இயந்திரம் பழுதுபார்த்தவர். நான் அங்கே பள்ளி ஆசிரியர். என் அப்பா யாழ்ப்பாணத்து வழிவந்த அரசாங்க அலுவலர். சாப்பாட்டு மேசையில் எங்கள் தமிழுக்குள் ஒரு மலாய்ச் சொல் விழுந்தாலும் தலையை நிமிர்த்திப் பார்ப்பார். அந்தப் பார்வை எனக்கும் ஒட்டிக்கொண்டது.

ஓய்வுபெற்ற பிறகு ‘அகோஸ்டிக்’ தொகுப்புத் தட்டுகள்மேல் எனக்குப் பைத்தியம். மின்கருவிகளின் இரைச்சல் இல்லை. மரமும் கம்பியும் தோலும் மட்டும். ஒரே தட்டில் பத்துப் பதினைந்து கலைஞர்கள். ஆனால் ஐந்தாவது பாட்டுக்கு மேல் எல்லாம் ஒரே சாயலாகிவிடும். எல்லாவற்றையும் ஒரே மென்மைக்கு இழைத்துவிடுவார்கள். வாசிப்பவர் எந்த அறையில் இருந்தார், எதிரே யார் இருந்தார்கள் என்று எதுவும் தெரியாது. இந்தக் குறை, என் தட்டைத் தொகுக்கும்போதே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் நானும் வேறு விதத்தில் அதையே செய்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், கோயில் மண்டபத்தில் பதினான்கு தோட்டத்துக் கலைஞர்களை உட்காரவைத்துப் பதிவு செய்தேன். ஃபிட்டர் அண்ணன் வாசிக்கத் தொடங்கும்போது, மழை வருகிறது, போகலாம் என்று மகள் கதவருகே நின்று சத்தம் போட்டாள். அவர் அவளைப் பார்த்து ஏதோ சொன்னார். மண்டபமே சிரித்தது. அவள் முகம் சிவந்து வெளியே போய்விட்டாள். அவர் அப்படித்தான், யாரிடமாவது நாலு வார்த்தை பேசாமல் ஒரு பாட்டையும் தொடங்கமாட்டார். வீட்டில் கணினிமுன் உட்கார்ந்து அந்தப் பேச்சை வெட்டினேன். இருபது விநாடி இருக்கும். சரியான இடத்தில் வெட்ட வேண்டுமென்று முப்பது தடவையாவது கேட்டிருப்பேன். பிறகு, இடம் அடைக்கிறது என்று மூலப் பதிவுகளையும் அழித்தேன்.

தட்டை என் காரில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு, “வாசிக்கிறது நான்தான் சார். ஆளத்தான்லா காணோம்!” என்று தொடையில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நான்கு மாதத்துக்கு முன் அவர் காலமானார். அந்தச் சனிக்கிழமைக்குச் சில நாள் முன் மகள் அழைத்தாள். “பாட்டு எங்ககிட்ட இருக்கு சார். அப்பா பேசினதுதான் ஒண்ணுமே இல்ல. ஹேன்போன்ல வீடியோ எடுக்கப் போனா கைய நீட்டி மறைச்சிருவாரு. அன்னிக்கு என்னைய என்னமோ சொன்னாருல்ல, எல்லாரும் சிரிச்சாங்க? எனக்குச் சரியாக் காதுல விழல, மூஞ்சியத் தூக்கிக்கிட்டு கார்ல போய் உக்காந்துட்டேன். அது உங்ககிட்ட இருக்கும்தானே?” வாம்மா என்று மட்டும் சொன்னேன். அழித்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

நான்கு மணிக்குச் சரியாக வந்தாள். உட்காரும் முன்பே, வெட்டியதையும் அழித்ததையும் சொல்லிவிட்டேன்.

“ஏன் சார் வெட்டினீங்க?”

“பேச்சில் மலாய் கலந்திருந்தது. கேட்பவர்கள் சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.”

“யாரு சார் சிரிக்கப்போறா? கேக்கிறது எல்லாம் நம்மாளுங்கதானே?”

தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் அதைத் தொடவில்லை. “என்னதான் சொன்னாரு? அதையாச்சும் சொல்லுங்க. ரொம்ப அசிங்கமா ஏசினாரா?” என்றாள்.

“இல்லையம்மா. ‘எனக்கு மேற்பார்வையாளர் இவள்தான். சற்று நேரம் கேட்டாலும் விடமாட்டாள். ஆனால் இவள் கண்டிக்காத நாளில் எனக்கு உணவு இறங்காது’ என்றார்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “எங்கப்பாவா? இப்படியா பேசினாரு?”

கண்ணை மூடிக்கொண்டேன். முப்பது தடவை கேட்டது அப்படியே காதில் நின்றது. எழுபத்தைந்து வருடமாக இந்த வாயில் வராத பேச்சு.

“‘இவதான்லா எனக்கு மண்டோர். செபந்தார் கேட்டாலும் விடமாட்டா. ஆனா இவ ஏசாத அன்னிக்கு எனக்குச் சோறு எறங்காதுலா.’”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்து, “இன்னொரு தடவ சொல்லுங்க சார்” என்றாள். சொன்னேன். மூன்றாவது தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டே, “அப்பா இன்னும் வேகமா சொல்வாரு” என்றாள்.

எவ்வளவு முயன்றும் எனக்கு அந்த வேகம் வரவில்லை.